பால் கணக்கு நோட்டில் கராச்சி

2025 மே 8, வியாழக்கிழமை ராத்திரி. தரம்சாலாவில் பஞ்சாபுக்கும் டெல்லிக்கும் ஐபிஎல் ஆட்டம். மழையால் தாமதமாக ஆரம்பித்தாலும் பஞ்சாப் 10.1 ஓவரில் ஒரே விக்கெட்டுக்கு 122 என்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. அப்போது மைதானத்து விளக்குகள் அணைந்தன. ஏதோ கரண்ட் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஆட்டமே ரத்து என்றார்கள். ஜம்மு பக்கம் ட்ரோன்கள் வருகின்றன என்று செல்போனில் செய்தி ஓட ஆரம்பித்தது. மாமா ரிமோட்டைக் கையில் எடுத்தார். அப்புறம் வெகுநேரம் அதைக் கீழே வைக்கவே இல்லை.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. வயது 74. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நடுவில் சில வருடம் நாக்பூரில் இருந்ததால் இந்தி நன்றாக வரும். அதனால் போர் என்று வந்துவிட்டால் எங்கள் வீட்டு டிவி தமிழ்ச் சேனலில் நிற்காது. இந்தி, ஆங்கிலம் என்று தாவிக்கொண்டே இருக்கும். நான் தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வவுச்சர் இல்லாத செலவைப் பார்த்தால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். எங்கள் இருவருக்கும் டிவி செய்தி விஷயத்தில் பல வருடப் பஞ்சாயத்து உண்டு. டிவிதான் சனங்களுக்குப் போர் வெறி ஏற்றுகிறது என்பது என் கட்சி. "சனங்க மனசுல இருக்கறதத்தான் அவன் காட்டறான். கண்ணாடிய ஒடச்சா மூஞ்சி மாறிடுமா மாப்ள?" என்பது அவர் கட்சி.

பஹல்காமில் ஏப்ரல் 22 அன்று 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7 அதிகாலை இந்தியா ஒன்பது இடங்களில் தாக்கியது. அதுவரை எங்களுக்குள் பெரிய பேதமில்லை. கோபம் எனக்கும்தான் இருந்தது. சண்டை வந்தது எட்டாம் தேதி ராத்திரி.

கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை அடித்து நொறுக்கிவிட்டது என்றது ஒரு சேனல். 1971க்குப் பிறகு இதுதான் முதல் முறை என்று சேர்த்துக்கொண்டது. அடுத்ததில் பாகிஸ்தான் ராணுவத் தளபதி கைது. இன்னொன்றில் இஸ்லாமாபாத்தே நம் கையில். எல்லாவற்றுக்கும் பின்னணியில் வான்தாக்குதல் சைரன் ஓலமிட்டது. உள்ளே படுத்திருந்த அத்தை எழுந்து ஓடிவந்து தெருக்கதவைத் திறந்து பார்த்தார். முந்தின நாள் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்ததைக் காலையில்தான் பேப்பரில் படித்திருந்தார். திருச்சிக்கும் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார் பாவம். இரண்டு நாள் கழித்து, நிகழ்ச்சிகளில் சைரன் ஒலியைப் போடாதீர்கள், நிஜ சைரன் வரும்போது மக்கள் அலட்சியமாக இருந்துவிடுவார்கள் என்று அரசே சேனல்களுக்கு அறிவுறுத்தியது. அத்தையின் படபடப்பு அதற்குள் பழைய கதையாகிவிட்டது.

"மாமா, யாரு சொன்னதுன்னே போடலையே" என்றேன்.

"நீங்க எதத்தான் நம்புவீங்க? நம்ம நேவிக்கு அடிக்கத் தெரியாதுங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்றீங்க? பக்கத்து வீட்டுல கேட்டா நம்ம வீட்டப் பத்தி என்ன நெனப்பாங்க?"

அவ்வளவுதான். செய்தி சரியா தப்பா என்று ஆரம்பித்த பேச்சு, நீ யார் பக்கம் என்பதில் போய் நின்றுவிட்டது. பட்டுத் தெரிந்துகொண்டேன்: அந்த இடத்துக்குப் பேச்சு வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வதுதான் உத்தமம். அதற்கு மேல் எந்த ஆதாரமும் உள்ளே இறங்காது. டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது வாதம் செய்வதும் வீண். அதன் தொண்டை நம் தொண்டையைவிடப் பெரிது.

வாயை மூடினேன், ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஃபிரிட்ஜ் மேலே அத்தையின் பால் கணக்கு நோட்டு கிடந்தது. மே மாதப் பக்கத்தில் ஏழாம் தேதிவரை எழுதியிருந்தார். அதற்குக் கீழே மூன்று கோடு போட்டேன். மணி, செய்தி, சொன்னது யார். மாமா எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதறீங்க?"

"கணக்குதான் மாமா. நாளைக்கு டேலி ஆகுதான்னு பாப்போம்."

"எழுதுங்க, எழுதுங்க. நாளைக்கு நீங்களே டிக் அடிப்பீங்க" என்று சிரித்தார். வீட்டில் சூடு தணிந்தது அந்தச் சிரிப்பில்தான்.

ராத்திரி ஒன்றேகாலுக்குள் 17 வரிகள் சேர்ந்தன. மூன்றாவது கட்டம்தான் வேடிக்கை. தகவல்கள் தெரிவிக்கின்றன, வட்டாரங்கள் கூறுகின்றன, செய்தி வருகிறது. யாரிடமிருந்து வருகிறது? ஆள் பெயர் தெரியாத தொகை எங்கள் அலுவலகத்தில் வந்தால் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம், லாபத்தில் சேர்க்க மாட்டோம். 17இல் 14 சஸ்பென்ஸ். ஜம்மு, பதான்கோட், உதம்பூர் ராணுவ நிலைகளைக் குறிவைத்து வந்த ட்ரோன்களும் ஏவுகணைகளும் முறியடிக்கப்பட்டன என்ற செய்திக்கு ராணுவத் தரப்பு என்று தெளிவான சொந்தக்காரர் இருந்தார். அந்தச் செய்தியில் சைரனும் இல்லை, சிவப்பு எழுத்தும் இல்லை. மாமா அந்த வரியில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் சேனலை மாற்றினார்.

நடுவில் அவர் பாத்ரூம் போனபோது சத்தத்தை முழுக்க நிறுத்திப் பார்த்தேன். யாருக்கும் இதைச் சொல்வேன், பத்து நிமிடம் செய்து பாருங்கள். சத்தம் போனதும் படம் எவ்வளவு ஏழை என்று தெரிந்துவிடுகிறது. இருட்டில் சில ஒளிக்கீற்றுகள், ஒரு புகை, ஒரு வரைபடம், மறுபடி அதே ஒளிக்கீற்றுகள். அதே துண்டுப் படம் திரும்பத் திரும்ப வந்தது. முதலில் அதன் கீழே லாகூர் என்று இருந்தது, கொஞ்ச நேரம் கழித்துக் கராச்சி என்று இருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கராச்சி எரிவதாக வந்த வீடியோ, அந்த வருட ஆரம்பத்தில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் விமானம் விழுந்தபோது எடுத்தது என்று பிறகு தெரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கூத்துதான். நம் பெண் விமானி ஒருவரைப் பிடித்துவிட்டதாக அங்கே பரப்பினார்கள். அதுவும் பொய்.

வெள்ளிக்கிழமை காலைப் பேப்பரில் கராச்சித் துறைமுகம் நொறுங்கியதாக ஒன்றுமில்லை. சாயங்காலம் வெளியுறவுச் செயலாளர் விக்ரம் மிஸ்ரி, கர்னல் சோபியா குரேஷி, விங் கமாண்டர் வியோமிகா சிங் மூவரும் நிருபர்களிடம் பேசினார்கள். துறைமுகத்தை அடித்ததாக ஒரு வார்த்தை இல்லை. நோட்டை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெயித்த மூஞ்சியோடு உட்காரக் கூடாது என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். "எதையெல்லாம் அடிக்கலாம்னு நீங்களே சொல்லுங்க மாமா" என்று பேனாவை அவரிடமே கொடுத்தேன். தளபதி கைதை அடித்தார். இஸ்லாமாபாத்தை அடித்தார். கராச்சியில் பேனா நின்றது.

"இது நடந்திருக்கும். ரகசியமா வச்சிருப்பாங்க."

"இதுல மட்டும் ஏன் அவ்ளோ உறுதியா சொல்றீங்க?" என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

1971 டிசம்பர். மாமாவுக்கு 20 வயது. வீட்டில் ரேடியோ கிடையாது. பூங்காவில் நகராட்சி ரேடியோ உண்டு. டிசம்பர் 4 ராத்திரி நம் ஏவுகணைப் படகுகள் போய்க் கராச்சியை அடித்தன. இன்றும் அந்த நாளைத்தான் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறோம். அந்தச் செய்தியை முன்பின் தெரியாத ஆட்களோடு தோளோடு தோள் ஒட்டி நின்று கேட்டாராம். பக்கத்தில் நின்ற ஒருவர் கட்டிப்பிடித்து அழுதாராம். "அன்னைக்கு ரேடியோ சொன்னது நெசம் மாப்ள. நானே பேப்பர்ல படத்தப் பாத்தேன்."

அவர் நம்பியது நேற்று ராத்திரிச் சேனலை இல்லை. 54 வருடத்துக்கு முந்தைய ரேடியோவை. அந்தப் பழைய நிஜத்தின் வவுச்சரைக் காட்டி இவர்கள் புதுப் பணத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இது புரிந்ததும் எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலில் பாதி போய்விட்டது.

ஆனால் மாமா அதோடு விடவில்லை. "அப்ப ஏது மாப்ள டிவி? மெட்ராசுக்கே 75லதான் வந்துச்சு. அதுக்காக 71ல வெறி கம்மியா இருந்துச்சுன்னு நெனைக்கிறீங்களா? டிவிதான் ஏத்துதுன்னு எத வச்சுச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. பதில் இல்லாததால் நான் வியட்நாமுக்கு ஓடினேன். அமெரிக்காவில் வால்டர் கிராங்கைட் என்று பெரிய செய்தி வாசிப்பாளர். 1968 பிப்ரவரி 27 அன்று அவர் டிவியில் இந்தப் போர் இழுபறியில் சிக்கிவிட்டது, பேச்சுவார்த்தைதான் வழி என்று சொன்னார். அதைப் பார்த்த ஜனாதிபதி ஜான்சன் மனம் உடைந்தார், நாடே மாறியது. கல்லூரிக் காலத்திலிருந்து நான் மேடைக்கு மேடை சொல்லிவந்த கதை இது.

மாமா அமைதியாகக் கேட்டார். "அவரு சொல்றதுக்கு முன்னால சனங்க என்ன நெனச்சாங்க?"

"தெரியல."

"மெஷின் தானா நின்னதுக்கு அப்புறம் ஸ்விட்சத் தட்டிட்டு, நான்தான் நிறுத்துனேன்னு சொல்ற ஆளுங்க எங்க பணிமனையில நெறைய பேரு."

ராத்திரி உட்கார்ந்து தேடினேன். ஃபிட்டர் சொன்னதுதான் சரி. படை அனுப்பியது தவறு என்று 1965 ஆகஸ்டில் கேலப் கருத்துக்கணிப்பில் சொன்னவர்கள் 24 சதவீதம். 1967 அக்டோபரில், அதாவது கிராங்கைட் வாய் திறப்பதற்கு நான்கு மாதம் முன்பே, தவறு என்றவர்கள் 47, தவறில்லை என்றவர்கள் 44. அந்த ஒளிபரப்பின்போது ஜான்சன் டெக்சஸில் கவர்னரின் பிறந்தநாள் விழாவில் இருந்தாராம். அவர் டிவி முன்னால் உட்கார்ந்து மனம் உடைந்த காட்சியே நடக்கவில்லை. போதாததற்கு ஜான் முல்லர் என்ற அறிஞர் கொரியப் போரையும் வியட்நாமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். சாவு எண்ணிக்கை ஏற ஏற இரண்டிலும் ஆதரவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இறங்கியிருக்கிறது. கொரியாவின்போது டிவி அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இருபது வருடமாக நான் சொல்லிவந்த கதைக்கு வவுச்சர் இல்லை! சனிக்கிழமை காலைக் காப்பியோடு தோல்வியை ஒப்புக்கொண்டேன். மாமாவுக்கு அன்று காப்பி ரொம்ப ருசித்திருக்க வேண்டும், இன்னொரு டம்ளர் கேட்டார்.

இப்படி ஒன்றை முதலில் விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரிய உதவி என்று அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

ஆறு மணி வாக்கில், ஐந்து மணியிலிருந்து இரு தரப்பும் சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டதாக மிஸ்ரி அறிவித்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. மாமா டிவியைப் பட்டென்று அணைத்தார். மூன்று நாளில் அவராக அணைத்தது அதுதான் முதல் தடவை.

"வித்துட்டானுங்க மாப்ள. கராச்சி எரியுது. இஸ்லாமாபாத் வரைக்கும் போயாச்சு. இந்த நேரத்துல எவனாவது நிறுத்துவானா?"

நான் ஒன்றும் சொல்லாமல் நோட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். இஸ்லாமாபாத் வரியின் மேல் அவருடைய கையாலேயே போட்ட கோடு. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அடிச்சேன்தான்" என்றார். "ஆனா மனசுல இருந்து போகலையே."

எனக்கும் விஷயம் பிடிபட்டது அப்போதுதான். போர் வேண்டும் என்ற எண்ணத்தை டிவி அவருக்குள் வைக்கவில்லை. அது 1971இலிருந்து, இல்லை பஹல்காமிலிருந்து, ஏற்கெனவே இருந்தது. டிவி வேறொன்று செய்திருக்கிறது. எவ்வளவு கிடைத்தால் வெற்றி என்ற அளவுகோலை ஒரே ராத்திரியில் இழுத்து நீட்டிவிட்டது. தலைநகரமே விழுந்தது என்று கேட்டவனுக்குச் சண்டை நிறுத்தம் துரோகமாகத்தானே தெரியும்? அன்று ராத்திரியே, அறிவிப்பைப் படித்த பாவத்துக்கு மிஸ்ரியையும் அவர் குடும்பத்தையும் எக்ஸ் தளத்தில் கண்டபடி திட்டினார்கள். அவர் தன் கணக்கைப் பூட்டிவைக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பேசினோம், டிவி அணைந்திருந்தது. என் கையில் இன்னொரு சீட்டு இருந்தது, இந்த முறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கினேன். 2003 இராக் போர். மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று அமெரிக்கர்களிடம் மூன்று பொய்களை நம்புகிறீர்களா என்று பார்த்தது: இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் கிடைத்துவிட்டன, சதாமுக்கும் அல் கொய்தாவுக்கும் தொடர்பு நிரூபணமாகிவிட்டது, உலக மக்கள் போரை ஆதரிக்கிறார்கள். ஃபாக்ஸ் நியூஸ் சேனல் பார்ப்பவர்களில் 80 சதவீதம் பேர் இவற்றில் ஒன்றையாவது நம்பினார்கள். லாப நோக்கில்லாத பொது வானொலி, டிவியை நாடுபவர்களில் 23 சதவீதம்தான். மூன்றையும் நம்பியவர்களில் 86 சதவீதம் பேர் போருக்கு ஆதரவு. ஒன்றையும் நம்பாதவர்களில் ஆதரவு 23 சதவீதம்.

"போர் வேணும்னு நெனைக்கறவன் அந்தச் சேனலத் தேடிப் போவான். சேனல் அவனத் தேடி வரல" என்றார் மாமா. எதிர்பார்த்ததுதான். அதனால் மீதியையும் சொன்னேன். ஜனாதிபதி புஷ்ஷின் குடியரசுக் கட்சிக்காரர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தாலும், எந்தச் சேனல் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து வித்தியாசம் இருந்தது. மாமா தாடையைச் சொறிந்தார். "சரி, இதுல பாதி உங்களுக்கு."

அப்புறம் அந்தப் பாதியையும் பிடுங்கப் பார்த்தார். "2009 மே மாசம் ஞாபகம் இருக்கா? முள்ளிவாய்க்கால் முடிஞ்சுதுன்னு டிவில சொன்னாங்க, ஒடம்பக் காட்டுனாங்க. நீங்க நம்புனீங்களா?"

நம்பவில்லை. அது வேறு ஆள், கிராஃபிக்ஸ், முகத்தைப் பார் என்று இதே கூடத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் வாதாடியவன் நான். கண்ணால் பார்த்ததையே மனம் ஏற்க மறுத்தது. என்னைப் போல் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். அந்த நாட்களைப் பற்றி இப்போதும் என்னால் சரியாகப் பேச முடியாது. மாமாவும் அதற்குமேல் கிளறவில்லை. எழுந்து போய் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நோட்டில் ஏறாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மே 7 அன்று பூஞ்ச் நகரில் பாகிஸ்தான் வீசிய குண்டில் ஒரு மதரசா ஆசிரியர் இறந்துபோனார். சில சேனல்கள் அவரைத் தீவிரவாதி என்று காட்டின. இந்தப் பக்கத்தில், நம் ஆளாக, அவர்கள் குண்டில் செத்த மனிதர். பூஞ்ச் போலீசே அதை மறுத்தது. மாமா அந்த முதல் செய்தியை டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியிருந்தார். மறுப்பைக் காட்டியதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "சொன்ன எடத்துலதான் போய் மாத்திச் சொல்லணும்." அந்த வாரம் முழுக்க நான் படித்த எந்த ஆய்வையும்விட இது எனக்குப் பெரிய பாடம். குடும்ப வாட்ஸ்அப்பில் 2009இலிருந்து, சரி, வாட்ஸ்அப் வந்ததிலிருந்து, நான் அனுப்பிய எதையாவது திரும்பிப் போய்த் திருத்தியிருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் தங்கிவிட்டன. பெரிய செய்தி வந்தால் மாமாவே "சஸ்பென்ஸ்ல போடுங்க" என்கிறார். மறுநாள் பேப்பர் வரும்வரை அதை யாருக்கும் அனுப்புவதில்லை. திரையின் மூலையில் பொடி எழுத்தில் கோப்புக் காட்சி என்று போட்டிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுகிறார். ஒன்பது மணி விவாத நிகழ்ச்சியை மட்டும் விட முடியவில்லை அவரால். அதுவும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை, எனக்கும் ஐபிஎல் இருக்கிறது.

மே 31 அன்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் சிங்கப்பூரில் ஒரு பேட்டியில், மோதலில் நாமும் போர் விமானங்களை இழந்தோம் என்று ஒப்புக்கொண்டார். எத்தனை என்று சொல்லவில்லை. மாமா நோட்டை எடுத்துவரச் சொன்னார். 17 வரிகளையும் மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"இது எங்கயுமே இல்லையே."

"சொன்னாத்தானே மாமா எழுத முடியும்."

மறுநாள் ஜூன் 1. பால்காரர் மாதக் கணக்குக்கு வந்து நின்றார். அவர் கணக்கில் 31 நாள், அத்தை நோட்டில் 30 நாள். எட்டாம் தேதி பால் ஊற்றினீர்களா இல்லையா என்று வாசலில் பத்து நிமிடம் வழக்கு நடந்தது. அத்தை நோட்டைப் புரட்டி, எட்டாம் தேதி இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக இருந்ததை மூக்குக் கண்ணாடி வழியாகப் படித்தார். பிறகு என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பால்காரரிடம் ஒரு நாள் காசைக் கூடுதலாகவே எண்ணிக் கொடுத்தார்.